நான்கு நாள் தாங்கிய கார், ஐந்து நாள் தாங்கியது

அந்த அம்பாசிடர் கார் காரைக்குடியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தது ஒரு டிராக்டருக்குப் பின்னால், கயிற்றில் கட்டுண்டு. கானாடுகாத்தானிலிருந்து ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த டிரைவர் அண்ணனின் முகத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி கொடுக்காமல் அனுப்பிவிட்ட களை. இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "டைனமோ போய்விட்டது தம்பி, புதிதாக ஒன்று போட்டுவிடு."

வண்டி 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின் வைத்த பழைய மாடல். உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளின் பின்கட்டு ஷெட்டுகளில் இப்படி ஒன்றிரண்டு இன்னும் துணி போர்த்தி நிற்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீட்டையும் வண்டியையும் ஆச்சி ஒருவரே காத்துக்கொண்டிருப்பார். வாரத்துக்கு ஒரு முறை காரைக்குடி மருத்துவரிடம், மாதத்துக்கு ஒரு முறை பிள்ளையார்பட்டி, கல்யாணக் காலத்தில் மட்டும் ஓய்வில்லாத ஓட்டம். மற்ற நாள்களில் ஷெட்டில் நிற்கும். இந்த ஓட்ட முறையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தினமும் ஓடும் வாடகைக் காராக இருந்திருந்தால் நான் சொல்லப்போகும் கோளாறுகளில் ஒன்று வெளியே தெரியாமலே போயிருக்கும்.

டிரைவர் அண்ணன் சொன்ன வரலாறு இது. ஓராண்டுக்கு மேலாக வண்டியைச் சில நாள் நிறுத்தினால் எடுப்பதில்லை. வேறு ஊர்ப் பட்டறை ஒன்றில் முதலில் பேட்டரி மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் அதே கதை. ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்புவது, பேச்சில் டைனமோ) கழற்றி, பழுதுபார்த்த வேறொன்றை மாட்டினார்கள். அப்போதும் தீரவில்லை, மறுபடி ஒரு பேட்டரி. ஆக இரண்டு பேட்டரி, ஓர் ஆல்டர்னேட்டர் மாற்றியும், நிறுத்திய நான்காம் நாள் வண்டி எடுப்பதில்லை.

இரண்டு சங்கதிகளை அவர் போகிற போக்கில் சொன்னார். செல்ஃப் அடிக்கும்போது, குளிர்ந்த எஞ்சின் பிடிப்பதற்காக இழுக்கும் சோக் குமிழ் சுடுகிறது என்பது ஒன்று. இரவில் ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது டாஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கு, முழுதாக எரியாமல், அடுப்பில் அணையப்போகும் கரித்துண்டு போலக் கொஞ்சம் சிவக்கிறது என்பது மற்றொன்று. முன்பு பார்த்தவர்களிடமும் சொன்னாராம். "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்ததாம். என் அனுபவத்தில் வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர் வாயிலிருந்து வரும் இந்த மாதிரி அரைகுறைச் செய்தி, மீட்டர் காட்டும் எண்ணுக்குச் சமம்.

முதல் நாள்

பேட்டரியில் 11.85 வோல்ட் இருந்தது. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி முழுச் சார்ஜில் 12.6-ஐ ஒட்டிக் காட்டும், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. காலிப் பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங்கைச் சோதிப்பது, பட்டினி கிடந்தவனை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தி அவன் உடல்நலத்தைக் கணிப்பது போல. ஆல்டர்னேட்டர் தன்னால் ஆன மட்டும் கரண்ட்டைக் கொட்டும், வோல்ட் தாழ்ந்தே நிற்கும், நாம் ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்வோம். எனவே பேட்டரியைக் கழற்றி, பட்டறைச் சார்ஜரில் மெதுவாக இரவு முழுக்க ஏற்றினேன். (பேட்டரியைக் கழற்றி வைத்தேன் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் என்னைக் கவிழ்த்தது இதுதான்.)

காலையில், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஆறு செல்களிலும் 1.245-ஐ ஒட்டியே காட்டியது. செல்லுக்குச் செல் வேறுபாடு இல்லை. பேட்டரியிலிருந்து பெரிய கரண்ட்டை இழுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டரை 15 விநாடி வைத்தபோதும் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை, 9.6-க்கு மேல் நின்றாலே தேர்ச்சி. பேட்டரி குற்றமற்றது. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளைந்தது, பளபளப்பு ஏறவில்லை, பெல்ட்டின் பேச்சை அத்துடன் விட்டேன்.

அடுத்தது செல்ஃப். காயில் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காதபடி செய்து, அடிக்கச் சொன்னேன். பேட்டரி டெர்மினலில் 10.9 வோல்ட். நல்ல எண். ஆனால் எஞ்சின் சுற்றியது வயிற்றுவலிக்காரன் நடப்பது போல. பேட்டரி கொடுக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். வழியில் எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

வோல்ட் இழப்புச் சோதனை என்பது இதுதான். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே வயரின் இரு நுனிகளில் வைக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது அங்கே என்ன காட்டுகிறதோ அது அந்த வயர் விழுங்கும் வோல்ட். ஓம் மீட்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. நூறு இழைகளில் தொண்ணூற்றைந்து அறுந்து ஐந்து மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் வயரும் ஓம் மீட்டரில் பூஜ்யமாகத்தான் தெரியும். 150 ஆம்பியரை ஓடவிட்டால்தான் அதன் லட்சணம் புரியும்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை 0.3 வோல்ட் இழப்பு. கொஞ்சம் கூடுதல், பாதகமில்லை. பேட்டரி மைனஸ்ஸிலிருந்து எஞ்சின் பிளாக் வரை 1.4 வோல்ட். இது 0.2-ஐத் தாண்டக் கூடாது. மோட்டாருக்கு மிஞ்சியது 9.2.

அம்பாசிடரில் எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கரண்ட் பாடி வழியாகத்தான் பேட்டரி மைனஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும்; எஞ்சினையும் பாடியையும் இணைப்பது எர்த் பட்டை எனப்படும் ஒரு பின்னல் செம்புப் பட்டை மட்டும். அந்தப் பட்டை மேலுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. போல்ட்டைக் கழற்றினேன். பட்டையின் நுனி வளையமான லக்குக்கு அடியில் பச்சைப் பூ பூத்துப் பொடியாக உதிர்ந்தது. பின்னலின் பாதி இழைகள் கையோடு வந்தன. பேட்டரியின் ஆசிட் ஆவி, ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டுக்கூரை ஷெட்டின் ஈரம், இரண்டும் சேர்ந்து பல வருடமாகத் தின்றிருக்கின்றன. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர் காரைக்குடி. சிக்ரி என்ற அதன் சுருக்கப் பெயர் இங்கே ஆட்டோக்காரருக்கும் தெரியும். பேட்டரியும் உலோக அரிப்பும்தான் அங்கே ஆராய்ச்சிப் பொருள்கள். அந்த இரண்டும் கைகோத்து அந்த வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் என் பட்டறைக்கே வந்து சேர்ந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

சோக் குமிழ் ஏன் சுட்டது என்பது இப்போது விளங்கும். எர்த் பட்டை வழிவிடாதபோது கரண்ட் சும்மா நிற்காது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் வேறு எந்த உலோக வழி கிடைத்தாலும் அதில் நுழையும். கார்புரேட்டரிலிருந்து டாஷ்போர்டுக்கு வரும் சோக் கேபிளின் இரும்புச் சுருள் உறை அப்படி ஒரு வழி. செல்ஃப் மோட்டாரின் கரண்ட்டில் ஒரு பங்கு அதன் வழியே ஓடி அதை அடுப்புக் கம்பியாக்கியிருக்கிறது. டிரைவர் அண்ணன் ஓராண்டாக விரலைச் சுட்டுக்கொண்டு சொன்ன செய்தி, எர்த் போய்விட்டது என்பதே.

பட்டையை உடனே மாற்றிவிடவில்லை. சார்ஜிங்கை அதே பழைய நிலையில் அளந்துவிட்டு மாற்றலாம் என்று வைத்திருந்தேன். ஒன்றைச் சரிசெய்துவிட்டு இன்னொன்றை அளந்தால் எது எவ்வளவு தின்றது என்ற கணக்கு கிடைக்காது.

எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் உயர்த்தி, ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டு, புளோயரையும் முடுக்கினேன். ஆல்டர்னேட்டரின் பிளஸ் முனை வயரில் கிளாம்ப் மீட்டர் 26 ஆம்பியர் காட்டியது. ஆல்டர்னேட்டரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.2 வோல்ட். பேட்டரியில் 13.25. இடையில் ஏறக்குறைய ஒரு வோல்ட் காணவில்லை. இதுவரை இந்த வண்டியைப் பார்த்தவர்கள் பேட்டரியில் மட்டும் மீட்டரை வைத்திருப்பார்கள், 13.25-ஐப் பார்த்து "டைனமோ வீக்" என்று எழுதியிருப்பார்கள்.

ஆல்டர்னேட்டருக்கு உள்ளே இருந்து வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குத் தன் வாசலில் இருக்கும் வோல்ட் மட்டும்தான் தெரியும். செட்டிநாட்டு வீட்டில் அடுப்படி கடைசிக் கட்டில் இருக்கும். சமையற்காரர் அண்டா நிறையச் சாம்பார் அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். நடுவில் யார் எவ்வளவு சிந்தினார்கள், முன்னால் பந்தியில் கடைசி இலைக்குச் சாம்பார் வந்ததா என்பது அவருக்குத் தெரியாது. 14.2 அனுப்பினோம், போதும் என்று இந்த ரெகுலேட்டரும் அப்படித்தான் இருந்தது.

சிந்திய இடங்கள் இரண்டு. எர்த் பக்கம் 0.25 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 1.4 விழுங்கிய அதே பட்டை, 26 ஆம்பியருக்கு இவ்வளவு, கணக்கு ஒத்துப்போகிறது. பிளஸ் பக்கம் 0.7 வோல்ட். இது புது ஆள். வயரைத் தடவிக்கொண்டே போனேன். ஃபெண்டர் ஓரமாக ஓரிடத்தில் இன்சுலேஷன் டேப் பிசுபிசுத்து உருகியிருந்தது, தொட்டால் சுட்டது. ஆல்டர்னேட்டர் மாற்றியபோது பழைய வயர் எட்டவில்லை போலும். ஒரு சாண் மெல்லிய வயரைச் சேர்த்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். சால்டர் இல்லை, லக் இல்லை. 0.7 வோல்ட், 26 ஆம்பியர். பெருக்கினால் 18 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் எந்நேரமும் அங்கே எரிந்துகொண்டிருந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

மங்கலான சிவப்பு விளக்கும் இதே கதையின் கிளைதான். அந்த விளக்கின் ஒரு கால் ஆல்டர்னேட்டருக்குள்ளும் மறுகால் இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் பேட்டரிப் பக்கமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் என்றால் விளக்குக்குக் கரண்ட் இல்லை, அணைந்துவிடும். ஆல்டர்னேட்டர் 14.2, பேட்டரிப் பக்கம் அதைவிட ஒரு வோல்ட் குறைவு, அதோடு சுவிட்ச்சில் தொலைவது வேறு. அந்த வித்தியாசம் விளக்கின் இழையைக் கொஞ்சமாகச் சிவக்க வைக்கிறது. பகலில் தெரியாது. ஆல்டர்னேட்டர் உற்பத்தியே செய்யாவிட்டால் விளக்கு பளிச்சென்று எரியும். மங்கலாக எரிந்தால் உற்பத்தி இருக்கிறது, போக்குவரத்தில்தான் தகராறு என்று முதலில் சந்தேகப்படலாம்.

முறுக்கிய இடத்தை வெட்டியெறிந்துவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒன்றை லக் அழுத்தி ஓட்டினேன். புதிய பின்னல் பட்டை போட்டேன். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உலோகம் தெரியச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, அதன் மேல் வாசலின் தடவினேன். முறுக்குவதற்கு முன்னால் தடவக் கூடாது. மறுபடி அளந்தபோது அதே 26 ஆம்பியருக்கு ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 14.05. செல்ஃப் அடிக்கும்போது எர்த் இழப்பு 0.15, மோட்டாருக்கு 10.4 கிடைத்தது. எஞ்சின் அரைச் சுற்றிலேயே பிடித்தது.

ஆல்டர்னேட்டரின் டையோடுகளையும் (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் கதவுகள்) பார்த்துவிடலாம் என்று மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் வைத்தேன். 0.06 வோல்ட். டையோடு ஒன்று போயிருந்தால் இந்த அலை அரை வோல்ட்டை எட்டும். முனகல் சத்தமும் இல்லை. "ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்" என்று நோட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டு, வண்டியை அனுப்பினேன். பெருமையாகவே இருந்தது.

ஐந்தாம் நாள்

தொலைபேசியில் டிரைவர் அண்ணனின் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. "தம்பி, முன்பு நான்கு நாள் தாங்கியது. நீ பார்த்த பிறகு ஐந்து நாள் தாங்கியிருக்கிறது."

இந்த முறை வண்டியை இழுத்துவரச் சொல்லவில்லை. மீட்டர்களை எடுத்துக்கொண்டு நானே கானாடுகாத்தானுக்குப் போனேன். ஆச்சி வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வைத்து, சாப்பிட்ட பிறகுதான் ஷெட்டுக்கு விட்டார். வேலை முடியாதவனுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தால் பணியாரம் தொண்டையில் நிற்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பேட்டரி 11.3 வோல்ட். ஐந்து நாளும் வண்டி நகரவில்லை. ஓடாத வண்டியில் சார்ஜ் ஆகவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏதோ ஒன்று குடித்திருக்கிறது. இதை நான் முதல் நாளே அளந்திருக்க வேண்டும். ஏன் அளக்கவில்லை என்றால், கண்ணெதிரே இரண்டு பெரிய கோளாறு கிடைத்துவிட்டது, மனம் நிறைந்துவிட்டது. இது கணினியும் ரிமோட் பூட்டும் இல்லாத வண்டி, நிற்கும்போது குடிக்க இதில் என்ன இருக்கிறது என்ற அலட்சியமும் சேர்ந்துகொண்டது. அதற்கும் மேலாக, பட்டறையில் இருந்த அந்த இரவில் பேட்டரி வண்டியில் இல்லை, சார்ஜரில் இருந்தது. குடிக்கிறவனுக்கு அன்றைக்குக் கடை மூடியிருந்தது.

டிரைவர் அண்ணனிடம் இப்போதுதான் சரியான கேள்வியைக் கேட்டேன். வண்டியை நெடுநாள் நிறுத்தும்போது என்ன செய்வீர்கள்? "ஆச்சி சென்னைக்குப் போனால் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடுவேன். அப்போது பத்து நாள் கழித்து மாட்டினாலும் எடுத்துவிடும்." விடை ஓராண்டாக அவர் கையிலேயே இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

உடன் கொண்டுபோயிருந்த நல்ல பேட்டரியை வைத்து, மைனஸ் வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைத்தேன். (அந்த நேரத்தில் யாரும் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்துவிடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சாவியைப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம்.) கதவுகளைச் சாத்தி, சிறிது பொறுத்துப் பார்த்தேன். 0.42 ஆம்பியர். நிற்கும் கார் ஒன்றில் 0.05-ஐத் தாண்டினாலே விசாரிக்க வேண்டும்.

இங்கேதான் அந்த நான்கு நாளின் கணக்கு அவிழ்ந்தது. 0.42-ஐ 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளுக்குப் பத்து ஆம்பியர்-மணி. பேட்டரி 50 ஆம்பியர்-மணி. சரியாகச் சார்ஜ் ஏறாத காலத்தில் அது ஒருபோதும் நிறைந்திருக்காது. முக்கால் பங்கோடு ஷெட்டுக்குள் நுழைந்து நான்காம் நாள் காலியாகிவிடும். நான் வயரையும் எர்த்தையும் சரிசெய்ததால் நிறைந்த பேட்டரியோடு நுழைந்தது. ஐந்தாம் நாள் காலியானது. என் முதல் நாள் வேலைக்குக் கிடைத்த பலன் துல்லியமாக ஒரு நாள். "நான்காம் நாள்" என்று டிரைவர் அண்ணன் முதலில் சொன்னபோதே ஒரு துண்டுக் காகிதத்தில் இந்த வகுத்தலைப் போட்டிருந்தால், பத்து ஆம்பியர்-மணி எங்கோ ஒழுகுகிறது என்று அப்போதே தெரிந்திருக்கும்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். 0.42 பெரிதாக அசையவில்லை. ஃபியூஸ் வழியாகப் போகாத கரண்ட் இந்த வண்டியில் இரண்டே இடத்துக்குப் போகிறது: செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர். எஞ்சின் பக்கம் குனிந்து ஆல்டர்னேட்டரின் பின்மூடியில் கை வைத்தேன். ஐந்து நாளாக ஓடாத எஞ்சினில் அது மட்டும் இலேசாக வெதுவெதுப்பாக இருந்தது போலத் தோன்றியது. கை சொல்வதை நம்பாமல், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பிளஸ் முனையிலிருந்த வயரையும் பிரித்துத் தனியே டேப் சுற்றி வைத்து, மறுபடி மீட்டரை இணைத்தேன். 0.01. அது பாட்டுப் பெட்டியின் நினைவகத்துக்குப் போவது.

நான் நற்சான்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆல்டர்னேட்டர்தான் திருடன்.

பிளேட்டுக்குள்

ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது மாறுமின்னோட்டம். அசையாமல் நிற்கும் பகுதியான ஸ்டேட்டரின் மூன்று சுருள்களிலிருந்து வரும் அதை ஆறு டையோடுகள் நேர்மின்னோட்டமாக்குகின்றன. மூன்று பிளஸ் பக்கம், மூன்று மைனஸ் பக்கம். இதே டையோடுகளுக்கு இரவு வேலை ஒன்றும் உண்டு. எஞ்சின் நின்ற பிறகு பேட்டரியின் மின்சாரம் திரும்பி உள்ளே வராமல் காவல் காப்பது. பகல் வேலையைச் செய்துகொண்டே இரவுக் காவலில் தூங்கிவிடும் டையோடுகள் உண்டு என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். கையில் கிடைத்தது அன்றுதான்.

பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். கார்பன் பிரஷ் நீளம் சரி, ஸ்லிப் ரிங் சுத்தம், பேரிங் சத்தமில்லை. ஆறு டையோடுகளும் பதிந்திருக்கும் டையோடு பிளேட்டில் ஸ்டேட்டரின் மூன்று கால்களையும் சால்டர் நீக்கிப் பிரித்தால்தான் ஒவ்வொரு டையோடையும் தனியே சோதிக்க முடியும். இல்லையென்றால் சுருள் வழியாக எல்லாம் ஒன்றாகத் தெரியும். மீட்டரின் டையோடு அளவில் ஆறும் தேர்ச்சி பெற்றன. முன்னோக்கி அரை வோல்ட், பின்னோக்கி அடைப்பு. ஒரு கணம் எனக்கே தடுமாற்றம். பிறகு நினைவுக்கு வந்தது: மீட்டர் தன் சிறு பேட்டரியைக் கொண்டு இரண்டு மூன்று வோல்ட்டில்தான் தட்டிப் பார்க்கிறது. காரில் அந்தக் கதவின்மேல் 12 வோல்ட் சாய்ந்து நிற்கிறது.

12 வோல்ட் பேட்டரியை ஒரு சிறு பல்பும் ஆம்பியர் மீட்டரும் தொடராக வைத்து, ஒவ்வொரு டையோடிலும் பின்னோக்கிக் கொடுத்தேன். நான்கில் மீட்டர் முள் நகரவில்லை. மீதி இரண்டில் கசிந்தது. அந்த இரண்டும் ஒரே சுருளைச் சேர்ந்தவை. ஒன்று பிளஸ் பக்கம், ஒன்று மைனஸ் பக்கம். ஒரு பக்கம் மட்டும் கசிந்திருந்தால் எதிர்ப்பக்கத்து டையோடு தடுத்திருக்கும். இரண்டும் சேர்ந்து கசிந்ததால் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பாடிக்கு நேர்வழி திறந்துவிட்டது. சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் காட்டிச் சூடேற்றினால் கசிவு இன்னும் கூடியது. சூடான டையோடு அதிகம் கசியும். எனவே ஓடி வந்து நிறுத்திய முதல் ஒரு மணி நேரத்தில் இந்தக் கார் இன்னும் வேகமாகக் குடித்திருக்க வேண்டும்.

முதல் நாள் ஏசி வோல்ட் சோதனை ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. 26 ஆம்பியர் ஓடும் இடத்தில் அரை ஆம்பியர் கசிவு கடலில் கரைத்த பெருங்காயம். அந்தச் சோதனை முழுதாக அறுந்த அல்லது முழுதாக ஷார்ட் ஆன டையோடைப் பிடிக்கும். கசிகிற டையோடைப் பிடிக்காது. இரண்டுக்கும் ஒரே சோதனை போதும் என்று நான் நினைத்தது பிழை.

இந்த டையோடுகளைக் கெடுத்தது யார்? உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் ஒரு சந்தேகம் உண்டு. பழுதுபார்த்த ஆல்டர்னேட்டரை மாட்டிய அன்று, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிக் காட்டி, "பார், நிற்காமல் ஓடுகிறது, டைனமோ சரி" என்றார்களாம். ஆல்டர்னேட்டருக்கு நாம் இன்னும் டைனமோ என்றே பெயர் வைத்திருக்கிறோம். பெயரோடு டைனமோ காலத்துப் பழக்கங்களும் தொற்றிக்கொண்டு வந்துவிட்டன. ஓடும் எஞ்சினில் பேட்டரியைப் பிரித்தால், அதுவரை அங்கே போய்க்கொண்டிருந்த கரண்ட் சட்டென்று போக்கிடம் இழக்கிறது. உள்ளே சுற்றும் ரோட்டாரின் காந்தம் உடனே அடங்காது. ஒரு விநாடியின் சிறு பங்கு நேரத்துக்கு வோல்ட் எகிறும். நிறைய கரண்ட் ஓடும்போது பிரித்தால் நூறை நெருங்கவும் கூடும். டையோடு அப்போதே செத்தால் நல்லது, தெரிந்துவிடும். அரைகுறையாக அடிபட்டுப் பிழைத்தால் இப்படிக் கசியும். என் பட்டறைக்கு வரும் இளைஞர்களில் யாராவது ஓடும் எஞ்சினில் டெர்மினலில் கை வைத்தால் அன்றைக்கு அவர்களுக்கு என்னிடம் டீ கிடையாது.

டையோடு பிளேட்டை முழுதாக மாற்றினேன். அதன் விலை, இந்த வீட்டில் வாங்கிய இரண்டு பேட்டரிகளில் ஒன்றின் கால் பங்கைக்கூடத் தொடாது. மாட்டிய பிறகு நிற்கும் வண்டியின் கசிவு 0.01. சார்ஜிங் எண்கள் முன்போலவே 14.2, 14.05. என் நோட்டில் பழைய நற்சான்றை அடித்துவிட்டு, அடித்தது தெரியும்படியே விட்டு, பக்கத்தில் தேதியைப் போட்டேன். அன்றிலிருந்து சார்ஜிங் புகாரோடு வரும் எந்த வண்டியிலும், பேட்டரியைச் சார்ஜுக்குக் கழற்றுவதற்கு முன்னால் அந்த மைனஸ் வயரில் மீட்டரை வைத்துவிடுகிறேன். பத்து நிமிட வேலை.

டிரைவர் அண்ணனிடம் ஒரு வாக்குறுதி வாங்க வேண்டியிருந்தது: பத்து நாளைக்கு டெர்மினலைக் கழற்றக் கூடாது. அவர் அரைமனதோடு ஒப்புக்கொண்டு, நான் கொடுத்த சிறிய மீட்டரைக் கொண்டு தினமும் காலையில் அளந்து சொன்னார். முதல் நாள் 12.64. ஐந்தாம் நாள் 12.6. பத்தாம் நாள் 12.56, சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. சோக் குமிழை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அடித்தாராம். சுடவில்லையாம்.

அடுத்த வாரம் ஆச்சியே வந்தார். வண்டியின் டிக்கியில், முந்தைய பட்டறையில் முதலில் கழற்றிப்போட்ட பழைய பேட்டரி இருந்தது. மாற்றும்போது பழையதைக் கொடுத்துத் தள்ளுபடி வாங்காமல் ஷெட் மூலையில் வைத்துவிட்டார்களாம்; ஓராண்டுக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறது. வீட்டு வளவில் மின்சாரம் போகும் நேரத்துக்கு ஒரு விளக்கு எரிக்க ஆகுமா என்று கேட்டார். இரண்டு நாள் மெதுவாக ஏற்றிப் பார்த்தேன். நான்கு செல்கள் 1.2-ஐக்கூடத் தொடவில்லை, இரண்டு செல்களில் ஹைட்ரோமீட்டரின் மிதவை எழவே இல்லை. சார்ஜ் இல்லாமல் கிடந்து தகடுகளில் சல்பேட் இறுகிவிட்டது.

"ஆகாது ஆச்சி. இது முடிந்துவிட்டது."

"அப்படியென்றால் இதைக் கழற்றியது சரிதானே, தம்பி?"

"கழற்றிய அன்று இது நல்ல பேட்டரியாகத்தான் இருந்திருக்கும், ஆச்சி. மூலையில் கிடந்து கெட்டுவிட்டது."

ஆச்சி பேட்டரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு, பழைய இரும்புக் கடையில் ஈயம் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிக்கச் சொன்னார்.